பேர் வெட்டிய அண்டா

நகராட்சியின் புது அருங்காட்சியகம் இன்னும் பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருந்தது. ஆனாலும் செல்லமுத்து வாசலில் நின்று யாரையும் அனுமதி கேட்கவில்லை. செருப்பை ஓரமாகக் கழற்றி விட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். ஏணியில் நின்று பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி நேராக உள்ளே நடந்தார். தான் கொடுத்த பொருள் இருக்கிற இடத்துக்குப் போக ஒரு மனிதன் யாரைக் கேட்க வேண்டும்?

"அப்பா, ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாமே" என்றபடி பின்னால் வந்தான் மகன் சிவசங்கர். கள்ளக்குறிச்சியில் உரக்கடை வைத்திருக்கிறவன். நாலு பேரை அனுசரித்துப் போய்ப் பழகியவன்.

"நீ சொல்லிட்டு வா. நான் பாத்துக்கினு இருக்கேன்."

நடுக் கூடத்தில், சிமெண்டு மேடை மேல், மூன்று விளக்குகளின் வெளிச்சத்தில் அண்டா உட்கார்ந்திருந்தது. வெண்கலம். இரண்டு மூட்டை அரிசி ஒரே உலையில் வேகும். நாலு பேர் இல்லாமல் அசையாது. வாய் விளிம்பைச் சுற்றிப் புள்ளிப் புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது: நெடுங்கரை மு. நல்லதம்பி, 1961. செல்லமுத்து அந்த எழுத்தை ஒருமுறை விரலால் தடவினார். அப்பா பேர். எழுபத்து நாலு வயதிலும் அதைத் தொடும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

பிறகுதான் கீழே இருந்த அட்டையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"வெண்கல அண்டா. விருந்துச் சமையலுக்குப் பயன்பட்டது. கொடையாளர்: பதிவு இல்லை."

ரிஷிவந்தியத்துக்குத் தெற்கே இருக்கிற நெடுங்கரையில் போய், செல்லமுத்து வீடு எது என்று கேட்டால் ஆள் யோசிப்பான். அண்டா வூடு எது என்று கேட்டால் கைக்குழந்தை கூடக் கையைக் காட்டும். அந்த ஊரில் கல்யாணம், காது குத்து, கோயில் கூழ், வெள்ளம் வந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் தங்கியவர்களுக்குச் சோறு, எல்லாம் அந்த ஒரு அண்டாவில்தான். கேட்டு வந்தவனை அந்த வீடு வெறுங்கையோடு அனுப்பியதில்லை. வாடகை என்று ஒரு தேங்காய் கூட வாங்கியதில்லை. நிலம் பாதி போய்விட்டது, மாடுகள் போய்விட்டன, அண்ணன் தம்பிகள் வெளியூர் போய்விட்டார்கள். அந்தப் பெயர் மட்டும் போகவில்லை.

போன வருஷம் அப்போதிருந்த நகராட்சி ஆணையர் ஜீப்பில் வீட்டுக்கே வந்து கேட்டார். நகரத்துக்கு ஒரு அருங்காட்சியகம் வருகிறது, சுற்று வட்டாரத்துப் பழைய பொருள்களெல்லாம் ஓரிடத்தில் இருக்க வேண்டும், உங்கள் அண்டா இல்லாமல் எப்படி என்றார். செல்லமுத்து ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. லாரி வந்தது. கூட வந்த எழுத்தர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்.

"எங்க வூட்ல குடுக்கறதுக்குக் கையெழுத்துப் போடற பழக்கம் இல்லிங்க. வாங்கறவங்கதான் போடுவாங்க."

ஆணையர் சிரித்து, கையெடுத்துக் கும்பிட்டார். தாள் அப்படியே மடங்கி எழுத்தரின் பைக்குள் போயிற்று. அந்தக் கும்பிடுக்கு மேல் ஒரு ரசீது உண்டா?

ஆணையர் மாற்றலாகிப் போனார். நகராட்சி, அருங்காட்சியகத்தை நடத்துகிற வேலையை ஏழூர் அறக்கட்டளை என்கிற அமைப்போடு ஒப்பந்தம் போட்டு ஒப்படைத்தது. கட்டடமும் பொருள்களும் நகராட்சியுடையவை. காட்டுவதும் காப்பதும் எழுதி வைப்பதும் ஐந்து வருஷத்துக்கு அறக்கட்டளையுடையவை. பேப்பரில் படித்தபோது செல்லமுத்துவுக்கு அது நல்ல ஏற்பாடாகவே பட்டது.

சிவசங்கரோடு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை. அறக்கட்டளையின் பொறுப்பாளர் அனிட்டா, திருக்கோவிலூர் பக்கத்துப் பெண் என்று சிவசங்கர் சொன்னான்.

"வாங்கய்யா. உங்களத்தான் தேடிக்கினு இருந்தோம்."

"தேடற அளவுக்கு நான் காணாமப் போவலியேம்மா. பேரு, ஊரு எல்லாம் அதுலயே வெட்டியிருக்கு. கீழ பதிவு இல்லைன்னு அட்டை வெச்சிருக்கீங்க. யாரு எழுதினது?"

"நான்தாங்கய்யா."

"கண்ணு நல்லாத் தெரியுமா?"

சிவசங்கர் "அப்பா" என்று இழுத்தான். அனிட்டா கோபப்படவில்லை.

"பேரு வெட்டியிருக்கறதப் படிச்சேங்கய்யா. அது யாரு வெட்டினாங்கன்னு சொல்லுது. யாரு குடுத்தாங்க, அவங்களுக்கு எப்படி வந்துதுன்னு சொல்லலியே. அதுக்கு ஒரு படிவம் இருக்கு. நகராட்சியோட போட்ட ஒப்பந்தத்துல அது கட்டாயம். ஒவ்வொரு பொருளுக்கும் வேணும். உங்க வூட்டுக்கு ரெண்டு கடுதாசி போட்டேனே?"

கடுதாசிகள் வந்தது உண்மைதான். இரண்டையும் செல்லமுத்து பிரித்துப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்திருந்தார். கொடுத்தவனையே திரும்ப விசாரிக்கிற கடுதாசிக்கு என்ன பதில்?

"பாத்திரத்துல பேர் வெட்டியிருந்தா அதுக்கு மேல பத்திரம் எதுக்கும்மா? எந்த ஊர்ல பொறந்தே நீ? உங்க வூட்டு சொம்புல பேர் இல்ல?"

"இருக்குதுங்கய்யா. எங்க ஆயா பேரு இருக்கு. ஆனா அந்தச் சொம்பு எங்க ஆயாவுது இல்ல, அவங்க நாத்தனாருது. அதுக்கே எங்க வூட்ல இன்னும் பேச்சுவார்த்தை கெடையாது."

பெயிண்ட் அடிக்கிறவன் ஏணியிலிருந்து சிரித்தான். சிவசங்கரும் சிரித்துவிட்டான். செல்லமுத்து சிரிக்கவில்லை.

"போட்டுடுங்கப்பா" என்றான் சிவசங்கர் தாழ்ந்த குரலில். "ரெண்டு வேன் சொல்லியாச்சு. ஊர்ல பாதிப் பேரு வராங்க. சந்தியாவப் பாக்க வர்றவங்க கூட நேரா இங்க வந்துட்டு அப்புறம் வூட்டுக்கு வர்றோம்னு சொல்லியிருக்காங்க. இந்த அட்டையோடவா காட்டறது?"

சந்தியா சிவசங்கரின் மகள். மாப்பிள்ளை வீட்டார் உளுந்தூர்ப்பேட்டை பக்கம் பெரிய இடம். அண்டா வூட்டுப் பெண் என்பதற்காகவே கேட்டு வந்தவர்கள்.

செல்லமுத்து நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தை வாங்கினார். பொருள்: அண்டா. கொடுப்பவர்: ந. செல்லமுத்து. எழுத்து மணிமணியாக விழுந்தது. மூன்றாவது கட்டம்: இந்தப் பொருள் உங்கள் குடும்பத்துக்கு எப்படி வந்தது?

"பரம்பரை" என்று எழுதப் பேனாவை வைத்தார்.

"அய்யா, கொஞ்சம் இருங்க. அத எழுதறதுக்கு முன்னாடி நான் ஒன்னு சொல்லிடணும்" என்றாள் அனிட்டா. "கல்வராயன் மலையிலருந்து ஒரு மனு வந்திருக்கு. மூங்கில்மடுன்னு ஒரு ஊரு. அவங்க ஊர் அம்மன் கோயில் அண்டா இதுன்னு சொல்றாங்க. அறுபத்தொன்னுல ஒரு கல்யாணத்துக்கு எரவல் குடுத்ததாம்."

"எவன்டா அவன்?" என்று சிவசங்கர் எழுந்துவிட்டான். "எங்க தாத்தா எரவல் வாங்கறவரா? ஊருக்கே எரவல் குடுத்தவருங்க அவரு!"

செல்லமுத்துவின் பேனா தாளில் பட்ட இடத்தில் மை ஊறிப் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் அதைத் தூக்கவில்லை.

அனிட்டா பொறுமையாக விளக்கினாள். இரண்டு தரப்பும் வரும் திங்கட்கிழமை இங்கே வந்து பேச வேண்டும். இரவல் வாங்கியது உண்மை என்று குடும்பம் ஒப்புக்கொண்டால், அட்டையில் இரண்டு பெயரும் வரும். மூங்கில்மடு ஊராருடையது, நெடுங்கரை நல்லதம்பி குடும்பம் இரவல் வாங்கி ஊருக்கெல்லாம் சமைத்தது என்று. ஊராருக்குப் பொருளைத் திருவிழாவுக்கு எடுத்துப் போகிற உரிமையும் வரும். எங்களுடையதே என்று குடும்பம் சொன்னால் விசாரணை நடக்கும். மலைக்குப் போய்ப் பெரியவர்களின் வாக்குமூலம் பதிவு செய்வார்கள். எல்லாம் ஆவணத்தில் ஏறும்.

"ரெண்டும் இல்லாம?" என்றார் செல்லமுத்து.

"ரெண்டும் இல்லாம எப்படிங்கய்யா? கொண்டாந்து குடுத்தது நீங்க. நீங்களே எங்களுது இல்லைன்னு சொன்னாத்தான். அப்போ அது உரிமையாளர் தெரியாத பொருள். நகராட்சி சொத்தா ஏறிடும். அப்புறம் யாருக்கும் வெளிய குடுக்க முடியாது. அந்த மலைக்காரங்ககிட்டயும் ஒரு துண்டுக் காகிதம் கெடையாது, பாவம். உங்க வார்த்தை ஒன்னுதான் சாட்சி."

காரில் திரும்பும்போது சிவசங்கர் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தான். வக்கீலைப் பார்க்கலாம், ஊரிலிருந்து பத்துப் பேரைச் சாட்சிக்கு அழைத்துப் போகலாம் என்றான். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வழியை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன. செல்லமுத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்டா வந்த நாள் அவருக்குத் தெரியும். பத்து வயது. அத்தை கல்யாணம். அப்பா அப்போது மலைச்சரக்கு வியாபாரம் செய்துகொண்டிருந்தார்; புளி, கடுக்காய், சாமை. கல்வராயன் மலையில் அவர் கால் படாத ஊர் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் ஆயிரம் பேரோடு வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஒரே உலையில் பொங்கிக் காட்ட வேண்டும் என்று அப்பாவுக்குப் பிடிவாதம். மூங்கில்மடுவில் கேட்டார். அவர்கள் மூங்கில் கழியில் கட்டி நாலு பேர் தோளில் சுமந்து கச்சிராயபாளையம் வரைக்கும் இறக்கினார்கள். அங்கிருந்து மாட்டு வண்டி. வண்டியில் அண்டாவுக்குள் உட்கார்ந்து வந்தவன் செல்லமுத்து. உள்ளே மஞ்சள் வாசமும் புகை வாசமும் அடித்தது.

ஆடிக்குள் திருப்பித் தர வேண்டும். இதுதான் பேச்சு. வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது என்பது எல்லோர் வீட்டு வழக்கமும்தான். ஒரு பிடி அரிசியாவது போட்டு அனுப்புவார்கள். மூங்கில்மடுக்காரர்கள் அதையும் கேட்கவில்லை.

அப்பாதான் கேட்டுக்கொண்டார், தன்னையே. "நல்லதம்பி வூட்லருந்து அண்டா திரும்பிப் போவுதுன்னா வழிய வழிய நெல்லோட போவணும். ஒரு பிடி அரிசியோட அனுப்பினா மலையே சிரிக்கும்" என்றார். அந்த வருஷம் மழை பொய்த்தது. அண்டா நிறைய நெல் இல்லை. அடுத்த அறுவடைக்கு ஆகட்டும் என்றார். அடுத்த வருஷம் நெல் இருந்தது. ஆனால் ஒரு வருஷம் தாமதித்துவிட்டு நெல் மட்டும் அனுப்பினால் போதுமா? அம்மனுக்குப் பட்டுப் புடவையும் ஆட்டுக்கிடாயும் சேர்க்க வேண்டும் என்றார். அதற்கடுத்த வருஷம் அதுவும் போதாமல் போயிற்று. வருஷம் ஆக ஆக, அனுப்ப வேண்டியது பெரிதாகிக்கொண்டே போனது. எந்த விளைச்சலாலும் எட்ட முடியாத அளவுக்கு அப்பாவே அதை வளர்த்துவிட்டார். திருடும் எண்ணம் அந்த மனிதருக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. செல்லமுத்து அதைச் சத்தியம் செய்து சொல்வார், கேட்க ஆள் இருந்தால்.

மலையிலிருந்து ஒருவர் வருவார். கொல்லைப்புறம் வந்து நிற்பார். அப்பா இல்லை என்று சொல்லிவிட்டு வா என்று பையன் செல்லமுத்துவை அனுப்புவார்கள். சொல்லிவிட்டு வருவான். இலை போட்டுச் சோறு வைப்பார்கள். சாப்பிட்டுவிட்டுப் போவார். கடைசித் தடவைக்கு முந்தின மாதம்தான் அப்பா பாத்திரம் செய்கிற கன்னாரை வரவழைத்துப் பேர் வெட்டச் சொன்னார், கல்யாண வருஷத்தையே போட்டு. அந்தக் கடைசித் தடவை அப்பா நேரிலேயே வந்தார். "எந்த அண்டா?" என்றார். அந்த ஆள் சோற்றுக் கையோடு அப்படியே நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு வரவில்லை.

திங்கட்கிழமை செல்லமுத்து வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு போனார். சாட்சிகள் யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சிவசங்கர் மட்டும் கூட வந்தான்.

மூங்கில்மடுவிலிருந்து வந்தவர் பெயர் வீரமுத்து. அறுபதைத் தாண்டியவர். காலையில் முதல் பஸ்ஸில் இறங்கி, ஒன்பது மணியிலிருந்து மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அண்டாவை அவர் தொடவில்லை. செல்லமுத்துவைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அனிட்டா இருவருக்கும் ஒரே மாதிரி நாற்காலி போட்டாள், இருவரையும் ஒரே மாதிரி அய்யா என்றாள். செல்லமுத்து அதைக் கவனித்தார்.

"சொல்லுங்கய்யா" என்றாள் வீரமுத்துவிடம்.

"நான் இன்னா சொல்றதுங்க. பெரியவருக்கே தெரியும்." வீரமுத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "எங்கப்பா இவங்க வூட்டுக்கு ஏழு தரம் வந்தாரு. ஏழு தரமும் வவுறு நெறையச் சோறு போட்டாங்க. அதுல கொறை சொல்ல மாட்டோம். எங்க அண்டாவுல பொங்கின சோறுதான், ருசியா இருந்திச்சின்னு சாவற வரைக்கும் சொல்லிக்கினு இருந்தாரு."

சிவசங்கருக்கு முகம் சிவந்தது. "யோவ், வார்த்தைய அளந்து பேசு."

"நான் திட்டலியே தம்பி. நெசமாத்தான் சொல்றேன்." அவர் அனிட்டா பக்கம் திரும்பினார். "அது போனதுலருந்து எங்க ஊர்ல ஒரே பொங்கலு இல்லம்மா. வேற அண்டா வாங்கலாம்னு எளவட்டம் சொல்லிச்சி. அம்மனுக்கு ஒன்னு குடுத்துட்டு இன்னொன்ன மாத்தி வெக்க முடியாது, அதுதான் வரணும். அதனால வூட்டுக்கு வூடு தனிப் பானை. நாப்பத்து மூணு பானை வரிசையா வெப்போம். யாரு பானை மொதல்ல பொங்கறதுன்னு சண்டை. போன வருஷம் ஒருத்தி பாலுல சோடா உப்பக் கலந்துட்டா, மொதல்ல பொங்கணும்னு. ரெண்டு பங்காளி வூடு இன்னும் பேசிக்கல."

அனிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. வீரமுத்துவும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, செல்லமுத்துவைப் பார்த்தார்.

"அய்யா, அண்டா இங்கயே இருக்கட்டும். நல்லா வெளக்குப் போட்டு அழகா வெச்சிருக்காங்க. உங்கப்பா பேரும் அதுலயே இருந்துட்டுப் போவட்டும், அழிக்கச் சொல்லல. அவரு மேல எங்களுக்குக் கோவமில்ல, மறந்துட்டாரு, அவ்ளோதான். ஆடியில ஒரு பத்து நாளு குடுத்தாப் போதும். நாங்களே தூக்கிக்கினு போயி நாங்களே கொண்டாந்து வெச்சிடுவோம். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன்."

செல்லமுத்துவின் வாய் திறந்தது. சொல்லிவிடலாம் என்றே அந்த நேரத்தில் இருந்தது. ஒரு வார்த்தை. அப்பாவுக்கும் இந்த ஆளுக்கும் நடுவில் எட்டாமல் வளர்ந்து நின்ற நெல், புடவை, கிடாய் எல்லாவற்றுக்கும் பதிலாக இவர் கேட்பது ஒரு வார்த்தைதான்.

ஆனால் அந்த வார்த்தை அட்டையில் ஏறும். இரவல். வேனில் வருகிற ஊர்க்காரர்கள் அதை எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். அறுபது வருஷத்துக்கு முன்னால் இரவல் வாங்கியது இங்கே எப்படி என்று உளுந்தூர்ப்பேட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர் காலத்துக்குப் பிறகும் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து படிப்பார்கள், ஒவ்வொரு வருஷமும்.

"அப்பா, நீங்க சொல்லுங்கப்பா" என்றான் சிவசங்கர். "எங்க தாத்தா யாருகிட்டயும் கை நீட்டினவரு இல்லைன்னு சொல்லுங்க. எனக்கு அவரப் பாத்த ஞாபகமே இல்ல. ஆனா நான் கடையில ஒருத்தனுக்கும் எடையில கொறைச்சதில்லன்னா அது அவரு பேருக்காகத்தான். சொல்லுங்க."

செல்லமுத்து மகனைப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

எங்களுடையதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கு, அன்று சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்த அவருடைய அப்பாவின் மூக்கும் நெற்றியும் அப்படியே இருந்தன. விசாரணை என்றால் மலையில் கிழவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து, இலை போட்டுச் சோறு போட்ட கதையைச் சொல்வார்கள். அது பதிவாகும். பொய் சொல்கிற வீடு என்று ஆவணத்தில் ஏறுவதை விட ஒன்றும் ஏறாமலே போகலாம்.

"இந்த அண்டா எங்க வூட்டு அண்டாவே இல்ல" என்றார்.

பெயிண்ட் டப்பாவை யாரோ தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது.

"இன்னாப்பா?" என்றான் சிவசங்கர்.

"எங்க வூட்ல கெடந்துது. யாருது, எப்படி வந்துது, எனக்குத் தெரியாது. எங்களுது இல்ல. எரவலும் வாங்கல."

"பேரு வெட்டியிருக்கேப்பா!"

"நல்லதம்பின்னு ஊர்ல ஒருத்தர்தானா?"

"நெடுங்கரைன்னு போட்டிருக்கே..."

"சும்மா இருடா!"

அனிட்டா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அய்யா, யோசிச்சிச் சொல்லுங்க. நீங்க இப்படி எழுதிக் குடுத்தா உங்க பேரும் வராது, அவங்களுக்கும் போவாது. நகராட்சிக்குன்னு ஏறிட்டா அப்புறம் நீங்களே வந்து மாத்திச் சொன்னாலும் சுலபமில்ல. ஒரு வாரம் எடுத்துக்குங்களேன்."

"யோசிக்கறதுக்கு இன்னா இருக்கு? குடும்மா."

புதுப் படிவம் வந்தது. மூன்றாவது கட்டத்தில் "தெரியாது" என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். கொடுப்பதற்குக் கையெழுத்துப் போடாத வீடு, இல்லை என்பதற்குப் போட்டது. எழுத்து இப்போதும் மணிமணியாகத்தான் விழுந்தது. அப்பா பேர் மேல் எந்தக் கறையும் இல்லாமல் முடித்துவிட்டதாகவும், அது ஒரு நடுவழி என்றும் அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணம் படிவத்தை மடிக்கிற வரைக்கும் நின்றது.

வீரமுத்து எழுந்து நின்றிருந்தார். தலைத்துண்டு இன்னும் கக்கத்திலேயே இருந்தது.

"உங்களுதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா சண்டை போட்டிருப்போம்ங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அப்போ கூட ஒரு ஆளு எதுக்க இருந்திருப்பாரு. யாருதும் இல்லைன்னுட்டீங்களே. இனிமே நாங்க யாருகிட்டப் போயிக் கேக்கறது?"

வீரமுத்து அனிட்டாவிடம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்.

"பாக்கறதுக்காவது வரலாமாம்மா? பொங்கலன்னிக்கி ஊரோட இறங்கி வந்து, தொடாம, ஒரு கற்பூரம் மட்டும் காட்டிட்டு..."

"கற்பூரம் உள்ள கொளுத்தக் கூடாதுங்கய்யா. பாக்கலாம், டிக்கெட்டு உங்களுக்கு வேணாம், நான் சொல்றேன். என்னிக்கு உங்க பொங்கலு?"

"ஆடி மூணாஞ் செவ்வாய்க்கெழமை."

அனிட்டா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "செவ்வாய்க்கெழமை வார விடுமுறைங்கய்யா. ஒப்பந்தத்துலயே இருக்கு. நான் கேட்டுப் பாக்கறேன். ஆனா..."

"பரவால்லம்மா" என்றார் வீரமுத்து. மேடையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்தின் பக்கம் நடந்தார்.

சிவசங்கர் காரை ரிஷிவந்தியம் தாண்டி ஓட்டினான். பிறகு, "வேன்காரனுக்கு இன்னா சொல்றது?" என்றான்.

"வேணாம்னு சொல்லு."

"உளுந்தூர்ப்பேட்டைக்கு?"

"விழா தள்ளிப் போச்சின்னு சொல்லு."

"பேப்பர்ல வரும்ப்பா விழா." கொஞ்ச தூரம் ஓட்டினான். "அந்தாளு சொன்னது நெசமா?"

"ரோட்டப் பாத்து ஓட்டு."

சிவசங்கர் வண்டியை ஓரமாக நிறுத்தினான். இஞ்சினை அணைக்கவில்லை. அப்புறம் எதுவும் கேட்காமல் மறுபடியும் ஓட்டினான். வீட்டு வாசலில் அப்பாவை இறக்கிவிட்டு, உள்ளே வராமல் கடைக்கே திரும்பிப் போய்விட்டான். அவன் வண்டியைத் திருப்புவதை செல்லமுத்து நின்று பார்த்தார். அப்பாவின் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தது இவனுக்காகத்தான். இவன் முகத்தில் அந்த நிம்மதி இல்லை.

ஜெயம்மாள் புதுப் புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஐம்பது வருஷமாக அவரோடு இருக்கிறவள். தையல் மெஷினிலிருந்து நிமிர்ந்து, "அட்டைய மாத்திட்டாங்களா? நம்ம பேரு போட்டுட்டாங்களா?" என்றாள்.

"பேரு வேணாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"அது நம்முளுது இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

ஜெயம்மாளுக்கு முதலில் புரியவில்லை. மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். நகம் கறுத்து, மூட்டு வீங்கிய கைகள்.

"புளியும் சாம்பலும் போட்டு ஐம்பது வருஷமா வெளக்கினேன்" என்றாள். "உள்ள எறங்கி நின்னு வெளக்குவேன். வயித்துல புள்ளையோட கூட வெளக்கினேன், நம்ம வூட்டு அண்டா கறுப்பா இருக்கக் கூடாதுன்னு உங்கம்மா சொல்லுவாங்க. அது யாரு வூட்டு அண்டாங்க?"

செல்லமுத்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கஞ்சி போட்ட சட்டை தோள் மடங்காமல் அப்படியே விறைப்பாகத் தொங்கியது.

"சோறு போடு" என்றார்.

அவள் மெஷினிலிருந்து புடவையை எடுத்து மடித்தாள். பிறகு எழுந்து போய் இலையைப் போட்டாள்.